நவநாள் மாதத்து றிப்போர்ட்

கண்டக்குழி, கற்பிட்டி.
22.09.2018

அன்புள்ள மகன் கெவினுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை, குசினிக் கூரையில் ஒரு தகரத்தைக் காற்று கொண்டுபோனதைத் தவிர வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இத்தாலி மெசினாவில் நீயும் மருமகள் ஷானிகாவும் அவள் சுமக்கிற பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று செபமாலையின் கடைசிப் பத்து மணியை உங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். கடிதத்தைக் கண்டு பயப்படாதே, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போனில் கதைத்தால் நீ என்னை ஒரு வசனம் முடிக்க விடுவதில்லை, "சரியம்மா, விளங்குதம்மா" என்று சொல்லியே வெட்டிவிடுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. வாசிக்கும்போது கோபம் வந்தால் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி, ஆனால் முழுக்க வாசி. ஷானிகாவுக்கும் உரத்து வாசித்துக் காட்டு, என் தையல் கடை தொடங்கிய கதை அவளுக்கு ஒழுங்காகத் தெரியாது, நீ சொல்லியிருக்கவும் மாட்டாய்.

போன ஞாயிறு நீ போன் எடுத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஓகஸ்ட் மாத றிப்போர்ட் வந்துவிட்டது, கடையின் இணையத்தளத்துக்கு ஆள் வரத்து முக்கால்வாசி விழுந்துவிட்டது, வருகிறவர்களிலும் பத்துக்கு எட்டுப் பேர் ஒரு பக்கத்தைப் பார்த்த கையோடு ஓடிவிடுகிறார்கள், மிச்சமிருக்கிறவர்களும் கொழும்பில் இருக்கிறவர்கள், அவர்கள் ஏன் கண்டக்குழிக்கு வரப்போகிறார்கள் என்றாய். "அம்மா, சனம் உங்கள வேணாம் எண்டு சொல்லிட்டுது, நம்பர் பொய் சொல்லாது, சீசனோட கடையப் பூட்டுங்க, மெஷினை விக்கலாம், இங்க வந்து பேரப்பிள்ளையோட இருங்க" என்றாய். ஒக்டோபர் முடிய தளத்தின் வருடம் முடிகிறது, இனி அதைப் புதுப்பிக்க மாட்டேன் என்றும் சொன்னாய். வேலை குறையவில்லையே மகன் என்று நான் சொன்னதற்கு, அது பழைய ஆட்கள் அம்மா, அவர்களும் அடுத்த வருடம் வரமாட்டார்கள் என்றாய். நான் பேசாமல் போனை வைத்தேன். நீ அதைச் சம்மதமென்று எடுத்து அடுத்த நாளே விசா அலுவல் பார்க்கப் போய்விட்டாயாம், ஷானிகா சொன்னாள். மகன், நான் பேசாமல் இருந்தது சம்மதத்தால் அல்ல. எனக்கு அந்த றிப்போர்ட் விளங்கவில்லை, விளங்காத ஒன்றை எதிர்த்துக் கதைக்க எனக்கு வாய் வராது, அது என் பழக்கம். இப்போது விளங்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கடையை நான் மூடவில்லை. இதைப் படித்து முடித்தபிறகும் மூடச் சொல்லி உனக்குத் தோன்றினால் தோன்றட்டும், அப்போதும் மூட மாட்டேன்.

ஷானிகாவுக்காகச் சொல்கிறேன். சண்டை முடிந்து இரண்டு வருடம் போக, சோளகம் தொடங்கினதும் வெள்ளைக்காரர் இந்தக் களப்புத் தண்ணீருக்கு வரத் தொடங்கினார்கள். பெரிய பட்டத்தைக் காற்றில் விட்டு, அதன் கயிற்றை இடுப்பில் கொளுவி, பலகையில் நின்று தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எல்லாரும் கைட் என்கிறார்கள், அப்பா மட்டும் இன்றைக்கும் பட்டம் என்றுதான் சொல்கிறார். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை கிழிந்த கைட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தைக்கிறவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டுக் கேட்டு எங்கள் படலைக்கு வந்தாள். வேறு யாரோ அதைப் பருத்தி நூலால் தைத்துக் கொடுத்து, தண்ணீர் பட்டதும் முதல் கிழிசலைவிடப் பெரிதாகக் கிழிந்திருந்தது. துணியைத் தொட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலியாணத்துக்கு முன் கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் இருந்த காலம் முழுக்க நான் மழைக்கோட்டு லைனில் தைத்த அதே சாதித் துணி. தடித்த ஊசி போட்டால் துளையிலிருந்தே பிளக்கும், நெருக்கித் தைத்தாலும் பிளக்கும், விட்டுவிட்டு வளைத்து வளைத்துத் தைக்க வேண்டும். தைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவள் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சோளகத்துக்கும் ஒவ்வொரு வாடைக்கும் வீட்டு முன்பக்கம் எனக்குக் கடை. இரண்டு வருடத்துக்கு முன் நீ இத்தாலிக்குப் போனபோது முதல் சம்பளத்தில் எனக்கு இணையத்தளம் செய்து தந்தாய், கொழும்பிலிருக்கிற றொமேஷ் தம்பியை வைத்து. ஐந்து பக்கம், என்னுடைய படம், மெஷினுடைய படம், அப்பாவின் போட். அதற்காக நான் உன்னை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அந்தப் பெருமை இப்போதும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்.

யூலை றிப்போர்ட் வந்தபோது நீ போனில் கத்தின கத்தலில் அப்பா கடலில் ஏதோ நடந்துவிட்டதென்று வெளியே ஓடி வந்தார். பக்கப் பார்வை ஐயாயிரம் அம்மா, வந்த ஆட்கள் ஐந்து பக்கத்தையும் விடாமல் பார்த்திருக்கிறார்கள், ஒரு ஆள் இருபது நிமிடம் நிற்கிறார், றொமேஷ் இப்படி ஒரு தளத்தைக் கண்டதே இல்லையாம் என்றாய். அதைவிட, நாடுகளில் இலங்கைக்கு அடுத்தது இத்தாலியாம். "இத்தாலிக்காரன் உங்கட தையலத் தேடுறான் அம்மா" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் நம்பினேன், ஏன் நம்பக்கூடாது. ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. திரும்பி வந்தவர்கள் என்று ஒரு கணக்கு இருந்தது, அது பெரிய கணக்காக இருந்தது. கார்மென்ட்ஸில் திரும்பி வந்தால் தையல் பிழை என்று அர்த்தம், லைன் முழுக்க ஏச்சு வாங்கும். இவ்வளவு பேருக்கு நான் பிழையாகத் தைத்தேனா என்று இரண்டு நாள் மெஷினைத் தொடாமல் இருந்தேன், பிறகு நீதான் சொன்னாய் அது பக்கத்தை மறுபடி பார்த்தவர்கள் என்று. அதற்குப் பிறகு நீ சும்மா இருந்தாயா, வேலை முடிந்து வந்து களைப்போடு களைப்பாக அகராதியை வைத்துக்கொண்டு என்னுடைய ஐந்து பக்கத்தையும் இத்தாலி மொழியில் எழுதி, றொமேஷிடம் கொடுத்து ஏற்றினாய். ஓகஸ்டில் எல்லாம் விழுந்தபோது உனக்கு வந்த துக்கம் எனக்கு விளங்குகிறது. இத்தாலிக்காரன் நீ எழுதினதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தாய். அவன் போகவில்லை மகன். அவன் வரவே இல்லை.

இனி எப்படி விளங்கினது என்று சொல்கிறேன். கற்பிட்டி பஸ் நிற்கிற இடத்தில் போன் கடை வைத்திருக்கிற முஃபீதாவை உனக்குத் தெரியும், தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்த குடும்பம், அவளுடைய வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள், வாய் திறந்தால் பக்கத்துக் கதிரைக்குக் கேட்காது. அவள் இணையத்தில் அபாயா விற்கிறாள், அவளுக்கும் இதே போல றிப்போர்ட் வரும். நான் றொமேஷிடம் யூலையும் ஓகஸ்டும் இரண்டையும் எனக்கு அனுப்பச் சொல்லி, முஃபீதாவின் கடையில் போய் உட்கார்ந்தேன். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர், பட்டம் எடுத்த பிள்ளையும் பட்டம் தைக்கிற மனுசியும் நல்ல சோடி என்று சொல்லிவிட்டுப் போனார், அவள் வெட்கத்தில் மேசை லாச்சிக்குள் எதையோ தேடினாள். முதலில் அவள் சொன்னது, ஐயாயிரம் என்பது ஆட்கள் இல்லை, பக்கங்கள் என்று. ஒருவர் ஐந்து பக்கம் பார்த்தால் ஐந்து, அதையே ஒன்பது நாள் பார்த்தால் நாற்பத்தைந்து. ஆட்களை எண்ணுகிற வரி கீழே வேறாக இருக்கிறது, அது ஐயாயிரத்துக்குக் கிட்டவும் இல்லை. பிறகு அவள் நாட்களின் கோட்டைப் பார்த்தாள், யூலைக் கடைசியில் ஒரு மலை, அதற்கு முன்னும் பின்னும் தரை. நேரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆன்ட்டி, இந்த ஒம்பது நாளும் மஃரிபுக்குப் பொறகு என்ன நடந்திச்சு? எல்லாரும் அந்த நேரத்துக்குத்தான் வாறாங்க. முதலாம் பக்கம், ரெண்டாம் பக்கம் எண்டு வரிசையாப் போறாங்க, ஒவ்வொண்டிலயும் நாலு நிமிசம் நிக்கிறாங்க. மனிசர் இப்பிடிப் பாக்க மாட்டாங்களே, இது மெஷின் அனுப்பிற பொய் ஆக்களா இரிக்கும்" என்றாள். நான் ஒன்பது நாள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். யூலைக் கடைசி தலவிலக் கோயில் அன்னம்மாள் திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் செபம், நவநாள். அவளுக்கு மஃரிப் தொழுகை முடிகிற அந்தப் பொழுதுபட்ட நேரம் எங்கள் பக்கத்தில் செபமாலை நேரம். செபமாலைக்கு ஐந்து தேவரகசியம், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி, என் தளத்துக்கு ஐந்து பக்கம். பத்து அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முஃபீதாவுக்கு நான் சொல்லிக் காட்டினேன், அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், நாலு நிமிடம். அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

நவநாள் செபத்தை நடத்துகிறது றோசா பெரியம்மாதானே, நேரே அவ வீட்டுக்குப் போனேன். அவ இறால் உரித்துக்கொண்டிருந்தா. கேட்டேன். கொஞ்சமாவது தடுமாறினாவா, இல்லை. "ஓமடி தங்கச்சி, நான்தான் சொன்னன், அதுக்கென்ன, களவா செய்தம்?" என்றா. கூட்டம் இல்லாத கோயிலுக்கு வழிப்போக்கன் உள்ளே வரமாட்டான், தங்கச்சியின் கடை அந்தப் போனுக்குள்ளே வெறுமையாகக் கிடக்கிறது, நாங்கள் போய் நின்றால் மற்றவர்களும் வருவார்கள் என்று நவநாள் கூட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறா. ஒரு தேவரகசியத்துக்கு ஒரு பக்கம், அடுத்த தேவரகசியம் தொடங்கும்போது அடுத்த பக்கத்தை அமத்த வேண்டும். யாராவது பக்கம் மாற்ற மறந்தால் பெரியம்மா கண்ணால் வெட்டுவாவாம். சீசன் வேலையால் இந்த முறை நான் கூட்டத்துக்குப் போகாததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இது போதாதென்று மெசினாவிலும் நாப்போலியிலும் குவைத்திலும் இருக்கிற எல்லாச் சொந்தக்காரருக்கும் வட்ஸப்பில் அனுப்பி, நீங்களும் எங்களோடு சேர்ந்து திறவுங்கள் என்று சொல்லியிருக்கிறா. கெவின், உன்னைத் தேடிவந்த இத்தாலிச் சந்தை உன்னுடைய சித்திமாரும் மச்சான்மாரும்தான். உன் மாமியார் வீட்டாரும் இரண்டு பேர் அதில் இருக்கிறார்களாம், ஷானிகா சிரிக்கட்டும். உனக்கு மட்டும் அனுப்பவில்லையாம், உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமென்று. நான் ஏச வாயெடுத்தேன், அதற்குள் அவ, "நம்பர் கூடினதா இல்லையா, அதச் சொல்லு. கூடினது எண்டால் அன்னம்மாள் கேட்டிட்டா" என்று சொல்லி ஒரு கிண்ணம் இறாலை என் கையில் வைத்தா. நீ போனில் பெரியம்மாவைப் பிடித்து ஒன்றும் சொல்லிவிடாதே. எனக்காக ஒன்பது நாள் முழங்காலில் நின்ற மனுசியை ஒரு கணக்குக்காக யாரும் ஏசக்கூடாது, நீ மட்டுமல்ல, அந்த றொமேஷும் கூடாது. அப்பாவும் சும்மா இல்லை, அது பிறகுதான் வெளியே வந்தது. ஒவ்வொரு நாளும் விடியப்புறம் ஒரு ஆள் போட் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார் என்று முஃபீதா சொன்னாள். அவர்தான், கடலுக்குப் போகமுன் கூடப் போகிறவர்களுக்குக் காட்டுகிறாராம். கேட்டதற்கு "என்ட பெண்சாதியின்ட கடைக்கு நான் போகக்கூடாதோ" என்கிறார்.

இப்போது நீ சொன்ன மற்ற இரண்டு குற்றத்துக்கும் பதில் சொல்கிறேன். கொழும்புக்காரர் என்றாய். முஃபீதாவின் கடையில் இருந்துகொண்டே என்னுடைய போனில் என் பக்கத்தைத் திறந்தேன். இந்த நிமிடம் யார் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு இடம் இருக்கிறது, அவள் அதைக் காட்டினாள். ஒரு ஆள், ஊர் கொழும்பு. நான் கொழும்புக்குப் போய் எத்தனை காலம். எங்கள் போன்களின் லைன் எல்லாம் கொழும்பால் வெளியே போகிறதாம், அதனால் இந்தக் களப்பில் நனைந்த காற்சட்டையோடு நிற்கிற வெள்ளைக்காரன் இங்கே வாங்கின சிம்மில் திறந்தாலும் றிப்போர்ட் அவனைக் கொழும்பில் கொண்டுபோய் நிறுத்தும். அடுத்தது, ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள் என்றாய். ஓடத்தானே வேண்டும். கைட் கிழிந்தவன் என்ன கதைப் புத்தகம் வாசிக்கவா வருகிறான், காற்று நிற்கமுன் தைக்க வேண்டும், அவனுக்கு வேண்டியது என் போன் நம்பரும் வழியும். இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, நீயே அப்படி வைக்கச் சொன்னாய், நல்ல வேலை செய்தாய். நம்பரை அமத்தினான், போய்விட்டான், இருபது விநாடி. அதை றிப்போர்ட் ஓடினவன் கணக்கில் போடுகிறது. ஆனால் அதே றிப்போர்ட்டில், கடைசிப் பக்கத்தில், நம்பரை அமத்தினவர்கள் எத்தனை பேர் என்று றொமேஷ் தம்பி தனியாக ஒரு வரி வைத்திருக்கிறார், அவருக்குக்கூட அதை நாங்கள் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. யூலையில் நாற்பத்தொன்று. எல்லாம் விழுந்து நாசமாகப் போன ஓகஸ்டில் நாற்பத்தாறு. மலை இருந்த மாதத்தைவிடத் தரையாக இருந்த மாதத்தில் ஐந்து பேர் கூட. நவநாள் பெண்கள் ஒருத்தியும் நம்பரை அமத்தவில்லை, அவர்களுக்கு ஏன் நம்பர், வேலிக்கு மேலால் கூப்பிட்டால் நான் வருவேன்.

அந்த நாற்பத்தாறு பேர் எனக்குக் குறைவென்று யாரும் சொல்லவேண்டாம். என்னிடம் ஒரு மெஷின், இரண்டு கை. ஒரு கைட்டை விரித்து உப்பைக் கழுவிக் காயவிட்டு, உள்ளே காற்றடிக்கிற குழாயைக் கழற்றி, கிழிசலுக்குத் துண்டு வெட்டித் தைத்து முடிக்க ஒரு பகல் போகிறது, பெரிய கிழிசல் என்றால் அடுத்த பகலும் சேரும். நூல் பெட்டி கொழும்பு பஸ்ஸில் பாலாவிச் சந்திக்கு வரும், அதை எடுக்கப் போக ஒரு அரை நாள். ஐயாயிரம் பேர் உண்மையிலேயே வந்திருந்தால் நான் பின்பக்க வேலியால் பாய்ந்து ஓடியிருப்பேன். நீ யாருடைய கடையோடு என்னை ஒப்பிட்டாய் என்று எனக்குத் தெரியாது. பெரிய நம்பர் வேண்டியது பெரிய கடைக்கு. எனக்கு வேண்டியது கிழிந்த கைட் வைத்திருக்கிறவன் என்னைக் கண்டுபிடிப்பது, அது நடக்கிறது. றிப்போர்ட் கூடாதென்று நான் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்துவிட்டது. அதில் எனக்குக் கசந்த உண்மையும் இருந்தது. நீ போட்ட கடல் படங்கள் பெரிதாக இருப்பதால் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, பாதிப் பேர் போனில் திறக்கமுன்னே விட்டுவிடுகிறார்கள். என்னுடைய விலைப் பக்கத்துக்கு நவநாள் கூட்டத்தைத் தவிர ஒருவரும் போகவில்லை, அது எங்கேயோ ஒளிந்து கிடக்கிறது. இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அப்பாவின் போட் படத்தை மட்டும் சிறிதாக்கி வைத்திருக்கிறோம், எடுத்தால் வீட்டில் சண்டை வரும்.

றொமேஷ் தம்பியோடு கதைத்தேன். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, பாதி சிங்களத்தில் பாதி தமிழில் கதைப்பார். ட்ராஃபிக் விழுந்துவிட்டது ஆன்ட்டி, மாதாமாதம் விளம்பரத்துக்குக் கொஞ்சம் போட்டால் நம்பரைப் பழையபடி தூக்கித் தரலாம் என்றார். நம்பரைத் தூக்க எனக்கு அக்கா இருக்கிறா தம்பி, அவ காசும் வாங்குவதில்லை, மேலதிகமாகச் செபமும் சொல்லுவா என்றேன். அவருக்கு விளங்கவில்லை, முழுக்கதையையும் சொன்னேன், "அனே ஆன்ட்டி, நான் உங்கட சைட்டக் காட்டித்தானே மூண்டு பேரை கஸ்டமராப் பிடிச்சன்" என்றார். அவருக்கும் கவலைதான். ஆனால் நான் கேட்டதைச் செய்து தந்தார். தளம் இப்போது என் பெயரில் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கானதை நேற்று நானே கட்டிவிட்டேன். றிப்போர்ட் இனி எனக்கு வரும், உனக்கு வராது. உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் செய்தேன். நீ தந்த பரிசை உன்னிடமிருந்து பறித்ததாக நினைக்காதே, தந்த பிறகு அது என்னுடையது, எப்போது மூடுவது என்று தந்தவர் சொல்ல ஏலாது. நீ எழுதின இத்தாலிப் பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. இதுவரை அதைத் திறந்தவர்கள் ஆறு பேர், அதில் நீ, நான், முஃபீதா, றொமேஷ் போக மிச்சம் இரண்டு பேர் யாரென்று தெரியாது. அந்த இரண்டு பேருக்காக இருக்கட்டும், நீ களைத்துப்போய் எழுதினது.

இனிப் பேரப்பிள்ளை விசயம். நான் வரமாட்டேன் என்று எங்கே சொன்னேன். ஷானிகாவுக்கு நவம்பர் நடுவில் என்றுதானே டொக்டர் சொல்லியிருக்கிறார். சோளகம் ஒக்டோபரோடு விழும், வாடை எழும்ப மார்கழி முடியும், நடுவில் களப்பில் காற்றே இருக்காது, கைட்டும் இருக்காது. அந்த நேரத்துக்கு வருகிறேன், பிள்ளையைக் குளிப்பாட்டி, ஷானிகாவுக்குப் பிள்ளை பெற்ற உடம்பு தேற மருந்துச் சரக்குப் போட்டுக் காயம் காய்ச்சிக் கொடுத்து, நத்தார்ப் பண்டிகை வரைக்கும் நிற்கிறேன். ஆனால் டிக்கெட் போகவரப் போடு. போகிற டிக்கெட் மட்டும் அனுப்பினால் நான் கட்டுநாயக்கா போய் என் பழைய கார்மென்ட்ஸ் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன், சும்மா சொல்லவில்லை. மாமியார் நிரந்தரமாக வந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஷானிகாவிடம் நீ கேட்டாயா, நான் கேட்டேன், அவள் மரியாதைக்காக ஒரு பதில் சொன்னாள், அந்தப் பதில் எனக்குப் போதும்.

ஷானிகாவை வாளியில் தண்ணீர் தூக்க விடாதே, இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாமென்று சொல்லு, தோடம்பழச் சாற்றோடு விழுங்கட்டும். நீ வேலைக்குப் போகமுன் ஒரு துண்டுப் பாணாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் கோப்பி குடித்துக் குடித்துத்தான் உன் அப்பாவுக்குக் குடல் புண் வந்தது. மாம்புரியில் இந்த முறை சின்ன வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது, வரும்போது காயவைத்துக் கொண்டுவருகிறேன், கருவாடும் கேட்பாய், விமானத்தில் மணக்காமல் கட்டுகிற வழி பெரியம்மாவுக்குத் தெரியும். ஆண்டவர் உன் கையின் உழைப்பை ஆசீர்வதிப்பார், அன்னம்மாள் ஷானிகாவுக்குச் சுகப்பிரசவம் தருவா, பிள்ளை நல்ல குரலோடு பிறக்கட்டும், நீ வெட்டினாலும் வசனத்தை முடிக்கிற பிள்ளையாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் பக்கத்தை நீ திறக்காதே, ஷானிகாவும் திறக்க வேண்டாம், அங்கே இருக்கிற சித்திமாருக்கும் மச்சான்மாருக்கும் நீயே போய்ச் சொல்லு. பெரியம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா, பிறகு சரி என்றுவிட்டா. என்னைப் பார்க்க ஆசை வந்தால் போனை எடு, முகத்தைக் காட்டுகிறேன். அடுத்த மாத றிப்போர்ட்டில் இத்தாலி என்று ஒரு வரி இருந்தால், அது கையில் கிழிந்த கைட்டோடு நிற்கிற ஒருவனாக இருக்க வேண்டும், என்னுடைய மகனாக இருக்கக்கூடாது.

உங்கள் மூன்று பேரையும் முத்தமிட்டு ஆசீர்வதிக்கிற,
கடையைத் திறந்து வைத்திருக்கிற
அம்மா